கல்சட்டி ஆன்லைனில் போகுமா? கீவேர்ட் பார்த்து எப்படி முடிவு செய்வது?

அடுப்படிக்கடை:
வணக்கம். மாக்கல்லில் செய்த கல்சட்டியை சொந்த வெப்சைட்டில் விற்கலாமா என்று பார்க்கிறேன். கூகுள் கீவேர்ட் பிளானரில் (ஒரு சொல்லை, அதாவது கீவேர்டை, மாதம் எத்தனை முறை தேடுகிறார்கள் என்று காட்டும் கருவி) சரியான எண் வரவில்லை. 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்று பட்டையாகத்தான் காட்டுகிறது. தமிழ் எழுத்தில் போட்டால் பல சொற்களுக்கு வெறும் கோடு. போட்டி என்ற இடத்தில் 'அதிகம்' என்று வருகிறது. இதைப் பார்த்துவிட்டு ஒதுங்கிவிடலாமா? மாதம் எத்தனை தேடல் இருந்தால் இறங்கலாம்?

தேடுபொறி:
முதலில் அந்தப் 'போட்டி'யை மறந்துவிடுங்கள். அது விளம்பரம் கொடுப்பவர்களின் நெரிசல். சாதாரணத் தேடல் முடிவில் மேலே வருவது கஷ்டமா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விளம்பரச் செலவு இல்லாத கணக்குக்குப் பட்டைதான் வரும். அதனால் எண்ணைவிட, பக்கத்தில் இருக்கும் 'மேல்பக்க ஏலத்தொகை' (தேடல் பக்கத்தின் மேலே விளம்பரம் வர ஒரு கிளிக்குக்குக் கொடுக்கும் தொகை) உங்களுக்கு உபயோகம். ஒரு சொல்லுக்கு யாராவது காசு கொடுக்கிறார்கள் என்றால் அதில் எங்கோ வியாபாரம் நடக்கிறது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஆங்கில எழுத்தில் கல்சட்டி என்று தட்டுபவர்கள் ஒரு டி, இரண்டு டி, நடுவில் இடைவெளி என்று ஆளுக்கொரு விதமாகத் தட்டுவார்கள். பிளானர் இவற்றில் பலவற்றை ஒரே சொல்லாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் அதே எண்ணைக் காட்டும். எக்செல்லில் போட்டுக் கூட்டினால் சந்தை நாலு மடங்காகத் தெரியும். கூட்டாதீர்கள்.

கோடு வந்தால் தேடுபவரே இல்லை என்று அர்த்தமில்லை. இன்காக்னிட்டோ விண்டோவில் 'கல்சட்டி' என்று தட்டி இடைவெளி விட்டு, க, ச, ப, வி என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுப் பாருங்கள். கீழே விழும் பரிந்துரைகளை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இதையே யூடியூபிலும் அமேசானிலும் செய்யுங்கள். அமேசான் பரிந்துரையில் அளவும் லிட்டரும் வந்தால் அது வாங்க வந்தவர் தட்டியது.

வால்கீவேர்ட்:
மேலே சொன்னதோடு, எழுதிய பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்.

'விலை', 'ஆன்லைன்', '3 லிட்டர்', 'மூடியுடன்' என்பவை வாங்குபவர் சொற்கள். 'நன்மைகள்' என்று தேடுபவர் படித்துவிட்டுப் போய்விடுவார். மூன்றாவது வகைதான் முக்கியம்: 'பழக்குவது எப்படி', 'விரிசல்', 'கேஸ் அடுப்பில் வைக்கலாமா'. இதில் பாதிப் பேர் ஏற்கெனவே சட்டி வாங்கியவர்கள், சட்டி விற்பனைக்கு உதவ மாட்டார்கள். ஆனால் எங்கே வலிக்கிறது என்று சொல்கிறார்கள். புதுச் சட்டியைக் கஞ்சித் தண்ணீரும் எண்ணெய் மஞ்சளுமாக நாள்கணக்கில் சமையலுக்குப் பழக்க யாருக்கும் நேரமில்லை. அதனால் உங்கள் சந்தை 'கல்சட்டி' அல்ல, 'பழக்கிய கல்சட்டி'. தேடல் சிறியதுதான், ஆனால் கூடுதல் விலை கேட்கலாம், கேட்பவரும் தயாராக வருவார்.

மாக்கல்லின் ஆங்கிலப் பெயரான 'சோப்ஸ்டோன்' என்ற சொல்லில் மட்டும் ஏமாறாதீர்கள். பவுடர் தேடுபவர், சிலை தேடுபவர், சமையலறை மேடைக்குக் கல் தேடுபவர் எல்லாரும் அதில் கலந்திருப்பார்கள். எண் பெரிதாக இருப்பது அதனால்தான்.

கூகுள் ட்ரெண்ட்ஸில் (ஒரு சொல்லின் தேடல் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கருவி) ஐந்து வருடம் வைத்துப் பாருங்கள். அங்கே 0 முதல் 100 வரை வருவது ஒப்பீட்டு அளவு, தேடல் எண்ணிக்கை இல்லை. ஒரே ஒரு வாரம் செங்குத்தாக ஏறி இறங்கியிருந்தால் ஏதோ ஒரு வீடியோ ஓடியிருக்கிறது என்று விட்டுவிடுங்கள்.

கல்லாப்பெட்டி:
எத்தனை தேடல் வேண்டும் என்ற கேள்வியே தலைகீழ். ஒரு ஆர்டரில் என்ன மிஞ்சும் என்று முதலில் போடுங்கள். உதாரணத்துக்கு:

விற்பனை விலை 1,800. சட்டி 800, பெட்டியும் பபிள் ரேப்பும் 120, கூரியர் 350, பேமென்ட் கேட்வே 2% என்றால் 36. மீதி 494. இருபதில் ஒன்று உடைந்து மறுபடி அனுப்பினால் 1,270 ரூபாய் போகும், ஆர்டருக்கு 63. கையில் சுமார் 430.

நூறு கிளிக்கில் ஒருவர் வாங்கினால் ஒரு கிளிக்குக்கு 4.30 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது. இருவர் வாங்கினால் 8.60 வரை. பிளானரில் ஏலத்தொகை அதற்கு மேலே நின்றால் அந்தச் சொல்லை விளம்பரத்தில் தொடாதீர்கள், கட்டுரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கூரியரில் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். உண்மை எடை, பெட்டி அளவை வைத்துப் போடும் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். 35×35×25 செ.மீ. பெட்டியின் கன அளவை 5,000-ஆல் வகுத்தால் 6.1 கிலோ. சட்டி 4 கிலோ இருந்தாலும் பில் 6.1-க்குத்தான் வரும். 30×30×20 பெட்டி என்றால் 3.6, அப்போது உண்மை எடைக்கே பில். ஆனால் பெட்டியைச் சுருக்குகிறேன் என்று பஞ்சுக்கு இடமில்லாமல் செய்தால் உடைசலில் அதே காசு போய்விடும். கைப்பிடியும் விளிம்பும்தான் முதலில் போகும்.

அடுப்படிக்கடை:
நன்றி, இப்போது பிடிபடுகிறது. சோதனை விளம்பரத்துக்கு 500 ரூபாய் போட்டுப் பார்க்கட்டுமா? ஒன்றும் விற்காவிட்டால் விட்டுவிடுகிறேன்.

தேடுபொறி:
500 பத்தாது. கிளிக் 5 ரூபாய் என்றால் நூறு கிளிக். உண்மையிலேயே நூற்றுக்கு ஒருவர் வாங்கும் பொருளாக இருந்தாலும், அந்த நூறில் ஒருவர்கூட வாங்காமல் போக 37% வாய்ப்பு இருக்கிறது. நல்ல பொருளை அநியாயமாகக் கைவிடுவீர்கள். 300 கிளிக்கில் அது 5%-க்குக் குறைகிறது. 1,500 ரூபாய் ஒதுக்குங்கள், அதிலும் ஒன்றுமில்லை என்றால் தாராளமாக விடலாம்.

ஒரே ஒரு பக்கம் போதும். படம், லிட்டர், எடை, டெலிவரி நாள், உடைந்தால் மாற்றித் தருவோம் என்ற வரி. வாங்கும் சொற்களை மட்டும் எக்ஸாக்ட் மேட்சில் (அதே சொல்லைத் தேடினால் மட்டும் விளம்பரம் காட்டும் அமைப்பு) போடுங்கள். அதிலும் நெருக்கமான வேறு சொற்கள் நுழையும், அதனால் தினமும் சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டைத் (எந்தத் தேடலுக்கு விளம்பரம் வந்தது என்ற பட்டியல்) திறந்து பவுடர், சிலை, இண்டக்‌ஷன் எல்லாவற்றையும் நெகட்டிவில் (விளம்பரம் வரக்கூடாத சொற்கள்) தள்ளுங்கள். கல்சட்டி இண்டக்‌ஷனில் சூடாகாது, அந்தக் கிளிக்குக்குக் காசு தண்டம்.

விளம்பர அமைப்பில் லொகேஷனைத் தமிழ்நாடு என்று வைத்து, 'அங்கே இருப்பவர்கள்' மட்டும் என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் தமிழ்நாட்டைப் பற்றித் தேடும் அமெரிக்காக்காரருக்கும் விளம்பரம் போகும்.

கல்லாப்பெட்டி:
லொகேஷனை முதலில் தமிழ்நாட்டோடு நிறுத்துவதற்கு இன்னொரு காரணம்: வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்க, விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டும். சில கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் சட்டி அதில் வருமா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு பெங்களூரைச் சேர்த்துக்கொள்ளலாம்.