ரிமோட் டெஸ்க்டொப் மூணு மொனிட்டரையும் புடிச்சிக்குது, ஒண்ணுல மட்டும் வர வைக்கிறது எப்படி?

கொட்டகலை பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் வீட்டுல இருந்தே கொழும்பு கம்பனி ஒண்ணுக்கு கணக்கு வேல செய்றேன், அவங்க சேர்வருக்கு ரிமோட் டெஸ்க்டொப்ல (தூரத்து கம்ப்யூட்டர் ஸ்கிரீன நம்ம ஸ்கிரீன்ல காட்டுற ப்ரோக்ராம்) தான் போகணும். லெப்டொப், அதோட ரெண்டு மொனிட்டர், ஒண்ணு எச்டிஎம்ஐ, மத்தது பழைய விஜிஏ, யூஎஸ்பி கன்வேட்டர் போட்டு ஓட்டுறேன். கனெக்ட் பண்ண உடனே மூணு ஸ்கிரீனையும் ரிமோட்டே முழுங்கிடுது, நம்ம பக்கத்து எக்செல்ல தொறந்து வைக்க எடமே இல்ல, ஒவ்வொரு வாட்டியும் மேல இருக்குற பாரை சுருக்கி சுருக்கி கை வலிக்குது. நடுவுல இருக்குற பெருசுல மட்டும் ரிமோட் வரணும். டிஸ்பிளே செட்டிங்ஸ்ல போய் மத்த ரெண்டையும் டிஸ்கனெக்ட் பண்ணி பாத்தேன், ரிமோட் ஒண்ணுல தான் வருது, ஆனா மத்த ரெண்டும் கருப்பா கெடக்கு. அதுக்கு எதுக்கு மூணு மொனிட்டர். விண்டோஸ் 10.

ஊவா காத்து:
தம்பி, கனெக்ட் பண்றதுக்கு முன்ன அந்த சின்ன பெட்டியில ஷோ ஒப்ஷன்ஸ் அமத்துங்க, டிஸ்பிளே டெப்ல "யூஸ் ஓல் மை மொனிட்டர்ஸ்"னு ஒரு டிக் இருக்கும், யாரோ போட்டு வச்சிருக்காங்க, எடுத்துருங்க. அவ்ளோதான். வேற ஸ்கிரீன்ல தொறந்துச்சுன்னா கன்ட்ரோல், ஓல்ட், பிரேக் மூணையும் சேத்து அமத்துனா சின்ன விண்டோவா வரும், இழுத்துட்டு போய் நடு மொனிட்டர்ல விட்டு மறுபடி அதே மூணு கீ. லெப்டொப்ல பிரேக் கீ இல்லாட்டி மேல பார்ல இருக்குற ரிஸ்டோர் பட்டன்.
இன்னொண்ணு, மூணும் 1920க்கு 1080ன்னா மொத்தம் 62 லட்சம் பிக்சல் சொச்சம். நம்ம பக்கம் மழைக்கு 4ஜி ரவுட்டர் படுற பாட்டுக்கு அத குறைச்சாலே ஸ்பீடு தெரியும்.

கொட்டகலை பொடியன்:
நன்றிக்கா, டிக் எடுத்தேன், ஒண்ணுல தான் வருது. ஆனா ஒரு நாள் லெப்டொப்ல வருது, ஒரு நாள் பெருசுல வருது. எப்பவும் நடு மொனிட்டர்லயே நிக்க வைக்க வழி இல்லையா?

மஸ்கெலி மழை:
இருக்கு தம்பி. போன்ல தமிழ் கீபோட்ல அடிக்கிறேன், அதனால கமாண்ட எல்லாம் எழுத்து எழுத்தா சொல்றேன், பாத்து அடிங்க.

மொதல்ல ரன் பொக்ஸ்ல (விண்டோஸ் கீயும் ஆரும் சேத்து அமத்துனா வரும்) எம், எஸ், டீ (டீவியில மொதல்ல வர்ற டீ), எஸ், சி, அப்புறம் ஒரு ஸ்பேஸ், சாய்ஞ்ச கோடு (கேள்விக்குறி இருக்குற கீ), எல். ஒரு குட்டி பெட்டி வரும், அதுல ஒவ்வொரு மொனிட்டருக்கும் 0, 1, 2ன்னு நம்பரும் பக்கத்துல அளவும், பிரக்கெட்டுல அது நிக்கிற எடமும் இருக்கும். செட்டிங்ஸ்ல ஐடென்டிஃபை அமத்துனா ஸ்கிரீன்ல பெருசா வருதே அந்த நம்பர் இல்ல இது. அத நம்பி நான் ஒரு சனிக்கிழம முழுக்க மண்டைய ஒடச்சிக்கிட்டேன். பிரக்கெட்ட பாருங்க, 0, 0ல தொடங்குறது தான் மெயின் மொனிட்டர், அதுக்கு எடப்பக்கம் இருக்குறது மைனஸ்ல தொடங்கும். ஒங்களுக்கு நடு தான் மெயின்னா கண்டுபுடிக்கிறது லேசு.

அப்புறம் அந்த டிக்க திரும்ப போடுங்க (ஆமா, போடணும்), ஜெனரல் டெப்ல சேவ் அஸ் குடுத்து டெஸ்க்டொப்ல பைலா வைங்க. அத நோட்பேட்ல தொறந்தா "யூஸ் மல்டிமொன்"னு ஒரு வரி இருக்கும், கோலன், ஐ, கோலன், 1ன்னு முடியணும். அதுக்கு கீழ புது வரியில "செலக்டட்மொனிட்டர்ஸ்", கோலன், எஸ், கோலன், ஒங்க நம்பர். செலக்டடும் மொனிட்டர்ஸும் ஒட்டி ஒரே சொல்லு, நடுவுல ஸ்பேஸ் விட்டீங்கன்னா அது கண்டுக்கவே கண்டுக்காது, எரரும் காட்டாது, பழையபடி மூணுலயும் வந்து நிக்கும். இனிமே அந்த பைல டபுள் கிளிக் பண்ணி தான் போகணும்.

வயர கழட்டி மாட்டுனா நம்பர் மாறலாம். யூஎஸ்பி கன்வேட்டர் வேற இருக்கு. கரண்ட் போய் வந்து திடீர்னு வேற ஸ்கிரீன்ல தொறந்துச்சுன்னா பைல குத்தம் சொல்லாம மறுபடி அந்த குட்டி பெட்டிய பாருங்க.

நானுஓயா பெட்டி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், லினக்ஸ் ப்ரோக்ராம விண்டோஸ்ல காட்ட எக்ஸ் சேர்வர் போட்டிருக்குறவங்களுக்கும் இதே தலவலி தான். விசிஎக்ஸ்சேர்வ்ல (அந்த மாதிரி எக்ஸ் சேர்வர் ஒண்ணு) அத தொடங்கி வைக்கிற எக்ஸ்லோஞ்ச் ஓடவிட்டு ஒரே பெரிய விண்டோன்னு எடுத்துக்கிட்டு, கடைசியில எக்ஸ்ட்ரா பெராமீட்டர்னு ஒரு கட்டம் வருமே, அதுல மைனஸ் ஸ்கிரீன், ஸ்பேஸ், 0, ஸ்பேஸ், @2ன்னு போட்டா ரெண்டாவது மொனிட்டர்ல தொறக்கும். இதுல மொனிட்டர் எண்ணிக்கை 1ல இருந்து தொடங்குது, அண்ணன் சொன்ன மாதிரி 0ல இருந்து இல்ல. மல்டிபிள் விண்டோஸ் மோட்ல இது சரிவராது.

கொட்டகலை பொடியன்:
மஸ்கெலி அண்ணே, வந்துருச்சு! எனக்கு நம்பர் 1. மொத வாட்டி நீங்க சொன்ன அதே ஸ்பேஸ விட்டுட்டேன், மூணுலயும் வந்து நின்னுச்சு. இப்ப ஒரே ஒரு பிரச்சினை, கொழும்பு சேர்வர்ல இருக்குற கணக்கு ப்ரோக்ராம் தொறந்தா டாஸ்க்பார்ல இருக்கு, ஸ்கிரீன்ல காணோம்.

ஊவா காத்து:
அது இல்லாத மூணாவது ஸ்கிரீன்ல போய் ஒக்காந்திருக்கு தம்பி. டாஸ்க்பார்ல அத ஒரு கிளிக் பண்ணிட்டு ஓல்ட் ஸ்பேஸ் அமத்தி எம் தட்டுங்க, அப்புறம் அம்புக்குறி கீய ஒரு வாட்டி தட்டிட்டு மவுஸ நகத்துனா மவுஸோடயே ஒட்டிக்கிட்டு வரும்.

கொட்டகலை பொடியன்:
வந்துருச்சுக்கா, எடது பக்கத்துல இருந்து நழுவிக்கிட்டே வந்துச்சு. விஜிஏல இப்ப எக்செல் மட்டும் தனியா இருக்கு.