திருகோணமலையில் மாதம் ஒரு படம்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. உப்புவெளிப் பக்கம் நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு படம் போட்டுப் பார்த்து, முடிந்ததும் இருந்து கதைக்கலாம் என்று யோசிக்கிறோம். உங்கள் உதவி வேணும்.

பெரிய படம், சின்னப் படம் என்ற பேதம் எனக்கில்லை. ‘தளபதி’யில் (1991) ரயில் கூவும்போது, பெற்ற பிள்ளையை ரயிலில் விட்ட தாயாக வரும் ஸ்ரீவித்யாவின் முகம் மாறுமே, எத்தனை தரம் பார்த்தாலும் நெஞ்சை அடைக்கும். அப்புறம் வினோத்ராஜின் ‘கூழாங்கல்’, 2021இல் நெதர்லாந்தின் ரொட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மை விருதான டைகர் விருது வாங்கிய படம். குடிகாரத் தகப்பனும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள், கதை அவ்வளவுதான். கடைசியில் பெண்கள் ஊற்றுக் குழியைச் சுற்றி இருந்து, ஊற ஊறக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் அள்ளுவார்கள். கமரா அவசரமே படாது. பாட்டுக்கும் சண்டைக்கும் பழகிய பிள்ளைகளும் இதைப் பொறுமையாகப் பார்ப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். இதிலிருந்தே தொடங்க விருப்பம்.

அடுத்தது ‘பொன்மணி’ (1977). சிங்கள இயக்குநரான தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தைக் களமாக வைத்துத் தமிழில் எடுத்தது. நம்முடைய ஆக்களில் பலர் பெயர்கூடக் கேள்விப்படவில்லை, அதுதான் கவலை. இதன் தெளிவான பிரதி எங்கே கிடைக்கும்? பொதுவில் திரையிட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? சிங்கள நண்பர்களும் வருவார்கள், சிங்கள உபதலைப்போடு இருந்தால் இன்னும் நல்லது.

நகரத்தில் புரொஜெக்டர் வாடகைக்குத் தருபவர்களைத் தெரிந்தாலும் சொல்லுங்கள். கிழக்கில் குறும்படம் எடுத்தவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், உங்கள் படத்தையும் போடுவோம்.