செயலியில் என் ஐடியை முடக்கிவிட்டார்கள், யாரிடம் முறையிடுவது?

கேள்வி (கோட்டையூர்க்காரன்):
மூன்று ஆண்டுகளாக மதுரையில் செயலி வழியாகக் கார் ஓட்டுகிறேன். போன வாரம் விமான நிலையத்திலிருந்து கானாடுகாத்தானுக்கு ஒரு குடும்பத்தை ஏற்றினேன். வழியில் ஆத்தங்குடியில் தரைக்கல் பார்க்க இறங்கினார்கள். வார்த்த கல் ஊறிக் காய்கிற வரை நின்றார்கள் போலும், ஒன்றரை மணி நேரம்! காத்திருப்புக்கு 200 ரூபாய் கேட்டேன். தரவில்லை, நானும் விட்டுவிட்டேன். மறுநாள் விடியற்காலையில் பார்த்தால், 'கணக்கு நிரந்தரமாக நிறுத்தப்பட்டது' என்று ஒற்றை வரி. போன் செய்தால் பதிவு செய்த குரல்தான் பேசுகிறது. அலுவலகத்தில் காவலாளியைத் தாண்ட முடியவில்லை. 5ஆம் தேதி கார் தவணை வேறு. காரணம் சொல்லாமல் ஒருவன் பிழைப்பை நிறுத்தலாமா?

பதில் (புதுவயல், இப்போது பெங்களூர்):
அண்ணே, இங்கே ஓட்டியிருந்தால் ஒரு பிடி இருந்திருக்கும். செயலித் தொழிலாளர்களுக்காக 2025இல் வந்த கர்நாடகச் சட்டப்படி, காரணத்தை எழுத்தில் கொடுத்து 14 நாள் முன்னறிவிப்பும் தந்த பிறகே நீக்கலாம். யாருக்காவது உடல் தீங்கு செய்திருந்தால்தான் விலக்கு. ஆனால் ஒசூர்ப் பக்கம் கர்நாடக எல்லையைத் தாண்டினால் அது செல்லாது.

பதில் (தேவகோட்டை வக்கீல்):
தம்பி, நம் மாநிலத்தில் செயலித் தொழிலாளர்களுக்கென 2023இல் அமைத்த நல வாரியம் உதவிகளுக்கானது. ஐடியை மீட்டுத் தராது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த மத்திய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டை இத்தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் செலுத்தச் சொல்கிறது. உங்களைப் போன்றவர்களை வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே வைத்தே வரையறுக்கிறது. ஆகவே தொழிலாளர் நீதிமன்றம் போனால், நீங்கள் தொழிலாளிதானா என்பதிலேயே எதிர்த்தரப்பு மல்லுக்கு நிற்கும். பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021இல் ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்று சொன்னது உண்மை. அதை வைத்து இங்கே தவணை கட்ட முடியாது.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலும், பதிவுத் தபாலில் காரணம் கேட்டுக் கடிதமும் அனுப்புங்கள். நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் நடுவர் தீர்ப்பு (நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவரிடம் தீர்த்துக்கொள்வது) பற்றிய பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சவாரியின் விவரங்களைப் படம்பிடித்து வையுங்கள்.

கோட்டையூர்க்காரன்:
ஐயா, செயலி திறந்தால்தானே படம்பிடிக்க? ஆத்தங்குடியில் டீ குடித்ததற்குக் கூகுள் பேயில் 15 ரூபாய் கொடுத்தது இருக்கிறது. மணி 11.40. நான் அங்கே காத்துக்கிடந்ததற்கு அது சாட்சியாகுமா?

தேவகோட்டை வக்கீல்:
ஆகும். சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் கழித்த நேரத்தையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.