ஃபைட்டிங் கேமுக்கு எந்த கன்சோல்? நான் மோதிய ஆட்களை வைத்துச் சொல்கிறேன்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஆடப்போகிற தம்பி ஒருவர், பிஎஸ்5 வாங்கவா எக்ஸ்பாக்ஸ் வாங்கவா, எதில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தார். இன்று ஆட்கள் கன்சோல் கன்சோலாகப் பிரிந்து கிடப்பதில்லை என்பதே என் பதில்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 காலத்தில் அப்படித்தான் பிரிந்து கிடந்தார்கள். நான் பிஎஸ்3 வைத்திருந்தேன், அதில் ஆன்லைன் இலவசம். சிங்கப்பூரில் இருந்த என் மாமா மகன் எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருந்தான். ராத்திரி முழுக்க போனில் காம்போ பற்றிப் பேசுவோம், ஆனால் ஒரு மேட்ச்கூட மோத முடியாது. தீபாவளிக்கு அவன் ஊருக்கு வந்தால்தான் உண்டு. 2016இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5, பிஎஸ்4 ஆட்களையும் பிசி ஆட்களையும் சேர்த்து வைத்தது, எக்ஸ்பாக்ஸுக்கு அந்த கேம் வரவே இல்லை. 2023 ஜூனில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வந்த பிறகுதான் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், பிசி மூன்றும் ஒரே களம் ஆயின. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஃபைட்டிங் கேமான டெக்கன் 8லும் அதே வசதி. இதைத்தான் கிராஸ்பிளே என்கிறார்கள்.

இப்போது அவனிடம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், என்னிடம் பிஎஸ்5. முதல் செட் முடிந்ததுமே, "மச்சான், பக்கத்துல உட்கார்ந்து ஆடுற மாதிரியே இருக்கு" என்றான். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடி கேபிள் 3,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி 1,000 கிலோமீட்டர் போக சுமார் 5 மில்லி விநாடி ஆகும் என்பதால், போய்வர 30க்குக் குறையாது. கேமில் ஒரு ஃப்ரேம், அதாவது திரையில் மாறும் ஒவ்வொரு படமும், சுமார் 16.7 மில்லி விநாடி. இந்த அளவு தாமதத்தை, ஆன்லைன் ஆட்டத்தை இணைக்கும் ரோல்பேக் நெட்கோட் என்ற முறை நன்றாகவே சமாளிக்கிறது. எதிராளியின் பட்டன் தகவல் வந்து சேரும்வரை கேம் நின்று காத்திருக்காது. அவர் செய்துகொண்டிருந்ததையே தொடர்கிறார் என்று ஊகித்து நகர்ந்துவிடும். ஊகம் தப்பினால் சில ஃப்ரேம் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். டோனி கேனன் உருவாக்கிய ஜிஜிபிஓ என்ற மென்பொருள்தான் இந்த வழியை ஃபைட்டிங் கேம்களில் நிலைநாட்டியது. அவர் ஈவோ என்ற பெரிய ஃபைட்டிங் கேம் போட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் மை சிதற விழும் பலமான அடியான டிரைவ் இம்பாக்டை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகப் புரியும். அது அடியாக விழ 26 ஃப்ரேம் ஆகும். மாமா மகன் அடித்தால் எனக்குப் பார்த்துப் பதிலடி கொடுக்க நேரம் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து ஒருவர் அடிக்கும்போது முதல் சில ஃப்ரேம்கள் என் திரைக்கே வருவதில்லை, மை சிதறுவது கண்ணில் படும்போது கை தாமதித்துவிடுகிறது. அவரும் நல்ல ஆட்டக்காரர்தான், தூரம்தான் இடைஞ்சல். என் நகரத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். கிராஸ்பிளே உள்ள கேம்தான் அந்த எண்ணிக்கையைக் கூட்டும்.

தூரம் குறைந்தாலே போதும் என்றும் சொல்ல முடியாது. வேளச்சேரியில் ஒருவர், எனக்கு அரை மணி நேரப் பயணத் தூரம். அவரோடு ஆடினால் படம் துள்ளித் துள்ளி வரும், சிங்கப்பூர்க்காரனோடு வழுக்கிக்கொண்டு போகும். காரணம் வைஃபை. பிங், அதாவது தகவல் போய்வரும் நேரம், சராசரியாகக் குறைவாகத்தான் காட்டும், நடுநடுவே திடீரென ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை ரோல்பேக்கால் மறைக்க முடியாது. மேட்சை ஏற்கும் முன் எதிராளி கேபிளா வைஃபையா என்று ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஒரு சின்ன அடையாளம் காட்டும், வைஃபை என்றால் நான் ஏற்பதில்லை. அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ஹாலிலிருந்து படுக்கையறைக்கு லேன் கேபிள் இழுத்தார். இன்று அவர்தான் என்னுடைய நிரந்தர எதிராளி, அவர் ஆடும் சுன் லீ கதாபாத்திரத்தை இன்னும் என்னால் சரியாகத் தடுக்க முடியவில்லை.

சரி, அப்படியென்றால் கன்சோலுக்கு மதிப்பே இல்லையா? நேரில் கூடும் இடத்தில் இருக்கிறது. பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த ஆட்டக்காரர் அர்ஸ்லான் ஆஷ் 2019இல் ஜப்பான் ஈவோவையும் லாஸ் வேகஸ் ஈவோவையும் டெக்கன் 7இல் வென்றார். உள்ளூர் ஆர்கேடுகளில் தோளோடு தோள் உரசி ஆடி வளர்ந்த கூட்டம் அது. பெரிய போட்டிகள் பெரும்பாலும் பிளேஸ்டேஷனில் நடக்கின்றன, நான் போன கூடல்களிலும் மேசையில் இருந்தது பிஎஸ்5தான். வீட்டில் பழகிய ஸ்டிக்கை (ஆர்கேடில் இருப்பது போன்ற கைப்பிடியும் பட்டன்களும் உள்ள கன்ட்ரோலர்) அப்படியே எடுத்துப்போய்ச் செருகலாம். பழைய பிஎஸ்4 ஸ்டிக்கும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் வேலை செய்யும். எக்ஸ்பாக்ஸில் 2023 நவம்பர் முதல் உரிமம் பெறாத கன்ட்ரோலர்களைத் தடுத்துவிட்டார்கள், அதற்கு ஸ்டிக் வாங்குபவர்கள் அட்டையில் உரிமக் குறியைப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் ஆசை என்றால் இந்தக் கணக்கே வேறு. அது நின்டெண்டோவில் மட்டும், ரோல்பேக்கும் இல்லை. நேரில் ஆட நண்பர்கள் இருந்தால் வாங்குங்கள்.

தம்பிக்கு என் யோசனை: கையில் ஓரளவு நல்ல பிசி இருந்தால் முதலில் அதிலேயே ஆடிப் பாருங்கள், மாதச் சந்தாவும் இல்லை. கன்சோல்தான் என்றால் பிஎஸ்5. ஆனால் சீரிஸ் எஸ் ஏற்கனவே வீட்டில் இருந்தால் அதை விற்றுவிட்டு மாறவேண்டிய அவசியமே இல்லை, அதே ஆட்கள்தான் வருவார்கள். ஒன்றில் வாங்கிய கதாபாத்திரங்கள் இன்னொன்றுக்கு வராது, அதனால் காசு போடும் முன் முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். கேபிள் இழுத்ததும் ஐடி அனுப்புங்கள், ஞாயிறு ராத்திரி நானும் வேளச்சேரி அண்ணனும் ஆன்லைனில் இருப்போம்.