பிரஸ்ஸை இறுக்கினால் மட்டும் அடர்த்தி வந்துவிடுமா?

சூளைக்காரன்: "அலுமினா (அலுமினிய ஆக்சைடு) தூளை வில்லையாக்கும்போது அந்தப் பெல்லட்டை 200 மெகாபாஸ்கலில் அழுத்தினால் போதும், 99 சதவீத அடர்த்தி (துளையே இல்லாவிட்டால் 100) தானாக வரும்" என்று இங்கே ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். தானாக வருமா? அப்புறம் சூளை எதற்கு, குளிர் காயவா? நல்ல நுண்தூளாக இருந்து 1600 டிகிரியில் ஒழுங்காகச் சுட்டால், 100-ல் அழுத்தியதற்கும் 200-ல் அழுத்தியதற்கும் கடைசியில் வித்தியாசம் சொற்பம்தான்.

பிரஸ்மணி: எழுதியவன் நான்தான். 200 என்றால் 200. குறைந்த அழுத்தத்தில் தூள் திரண்ட குருணைகள் முழுதாக நசுங்குவதே இல்லை, நடுவில் நிற்கும் பெரிய துளைகள் எவ்வளவு சுட்டாலும் மூடாது. சூளையையே கட்டி அழுகிறவர்களுக்கு இது புரியாது.

சூளைக்காரன்: சரி, ஒரு பக்கமிருந்து 200 கொடுத்துப் பாருங்கள். டையிலிருந்து, அதாவது அச்சிலிருந்து, வெளியே தள்ளும்போதே பெல்லட் விரிந்து மேல்பகுதி மூடி மாதிரி கழன்று வரும். அச்சுச் சுவர் உராய்வால், மேலிருந்து அழுத்தும் பஞ்ச் பக்கம் இறுக்கம், அடியில் தளர்வு. சுடும்போது 55 சதவீத அடர்த்தியில் தொடங்கி 98-க்குப் போகும் இடம் நீளத்தில் சுமார் 17.5 சதவீதம் சுருங்கும், 60-ல் தொடங்கும் இடம் 15 சதவீதம்தான் சுருங்கும். இரண்டும் ஒரே பெல்லட்டில் இருந்தால் கோணிக்கொண்டு வராமல் என்ன செய்யும்?

பிரஸ்மணி: டைக்கு ஸ்டியரிக் அமிலம் தடவத் தெரியாதவர் 200-ஐக் குறை சொல்கிறார். எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும் ஐசோஸ்டாடிக் பிரஸ்ஸில் 200 சர்வசாதாரணம்.

வெள்ளைத்தூள்: நீங்கள் இருவரும் சொல்வது சுடுவதற்கு முந்திய அடர்த்தியா, சுட்ட பிறகா?

சூளைக்காரன்: நீங்கள் கொஞ்சம் இருங்கள். ஐசோஸ்டாடிக் என்ற பேச்சே முதலில் இல்லையே, மாட்டிக்கொண்டதும் வருகிறது. சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) பற்றிப் பேசியபோதும் இதே கதைதான், கன சென்டிமீட்டருக்கு 6.1 கிராம் அடர்த்தி கிடைத்தது என்று மார்தட்டினார், கடைசியில் பார்த்தால் ஸ்கேலால் அளந்திருக்கிறார். தண்ணீரில் தொங்கவிட்டு ஆர்க்கிமிடீஸ் முறையில் எடை போட என்ன கேடு?

பிரஸ்மணி: ஸ்கேல் இல்லை, வெர்னியர். பொய் சொல்லாதீர்கள்.

சூளைக்காரன்: விளிம்பு உதிர்ந்த பெல்லட்டை எதில் அளந்தால் என்ன? 3 மோல் சதவீதம் இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) சேர்த்த சிர்கோனியாவுக்குத் துளையே இல்லாவிட்டாலும் ஏறக்குறைய 6.1 தான், அதை அப்படியே தொட்டுவிட்டாராம்!

வெள்ளைத்தூள்: என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பிரஸ்மணி: அவர் முதலில் வெர்னியர் என்று ஒத்துக்கொள்ளட்டும்.