நூறு வயது தாண்டிய பாடகர் குழு: வரலாறு எழுத எந்தக் காகிதத்தை நம்புவது?

கேள்வி: சுருதிப்பெட்டி

எங்கள் நான்கு குரல் பாடகர் குழுவுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. வரலாறு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பீரோவில் இருப்பவை: மினிட்ஸ் நோட்டுகள் (நடுவில் 11 வருஷம் இல்லை), வரவு செலவு நோட்டுகள், நிகழ்ச்சித் தாள்கள் ஒரு கட்டு, பென்சில் குறிகளோடு பழைய இசைப் புத்தகங்கள், பசை ஆல்பத்தில் படங்கள், 6 ஸ்பூல் டேப். 50ஆம் ஆண்டு மலர் ஒரு தொடக்க வருஷம் சொல்கிறது, 75ஆம் ஆண்டு மலர் வேறொன்று. எங்கே ஆரம்பிப்பது? டேப்பைப் போட்டுக் கேட்கலாமா?

பதில்: பழைய பேரேடு

மலர்களைக் கடைசியில் பாருங்கள். மலர் எழுதுபவர் பெரும்பாலும் முந்தைய மலரைப் பார்த்துத்தான் எழுதுவார். ஒரு தப்பு நுழைந்தால் அது அப்படியே வாழும்.

தொடக்க வருஷக் குழப்பத்துக்குக் காரணம், மூன்று தேதிகள் ஒன்றாகிவிடுவது: முதல் ஒத்திகை, முதல் கச்சேரி, விதிமுறை எழுதி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்த நாள். மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். எதைக் கொண்டாடுவது என்பதைக் குழு தீர்மானிக்கட்டும். ஜெர்மனியின் பழைய பாடகர் குழுவான பெர்லின் சிங் அகாடமி 1791ஐத் தன் தொடக்கமாகக் கொள்வது, அதை நிறுவிய ஃபாஷ் அந்த வருஷம் எழுதத் தொடங்கிய வருகைப் பதிவை வைத்துத்தான். வருகைப் பதிவேடு உங்களிடமும் கிடைத்தால் அதற்குத்தான் முதல் மரியாதை.

விடுபட்ட 11 வருஷத்துக்கு வரவு செலவு நோட்டே போதும். அரங்க வாடகை, பியானோவுக்குச் சுருதி சேர்த்த கூலி, அச்சகச் செலவு மூன்றும் ஒரே வாரத்தில் வந்தால் அங்கே ஒரு கச்சேரி நடந்திருக்கிறது. மொத்தச் சந்தாவைத் தலைக்கான சந்தாவால் வகுத்தால் உறுப்பினர் எண்ணிக்கை ஏறக்குறைய வரும். பாக்கி வைத்தவர்களும் அரைச் சந்தாக்காரர்களும் இருப்பார்கள் என்பதால் அதைத் துல்லியக் கணக்காக எழுதிவிடாதீர்கள்.

அட்டவணையில் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு வரி: தேதி, இடம், படைப்பு, நடத்துநர், பக்கவாத்தியம், தனிப்பாடகர்கள், ஆதாரம். பலர் விட்டுவிடுவது கடைசிக் கட்டம்தான். எந்த நோட்டு, எந்தப் பக்கம் என்று இல்லாவிட்டால் அடுத்தவர் சரிபார்க்கவே முடியாது. நிகழ்ச்சித் தாள் அச்சானதாலேயே கச்சேரி நடந்ததாகாது. டிக்கெட் வரவோ மினிட்ஸ் வரியோ துணைக்கு வேண்டும்.

பதில்: ஈயமை

டேப்பைப் போடவே போடாதீர்கள். 1970, 80களின் பல டேப்புகளில் காந்தப் பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் கிறீச்சிடும், பூச்சு உரிந்து, டேப்பைப் படிக்கும் பாகமான ஹெட்டில் ஒட்டும், பதிவும் அதோடு போகும். அந்த வகையை நிபுணர்கள் மிதமான சூட்டில் பல மணி நேரம் உலர்த்தி, பிறகு ஓட்டிப் பிரதி எடுப்பார்கள். அதற்கு முந்தைய அசிடேட் டேப்புக்கு அந்தச் சூடு ஆகாது. ஸ்பூலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: சுருளின் ஊடே வெளிச்சம் தெரிந்தால் அசிடேட். வினிகர் வாடை வந்தால் அழிவு ஆரம்பித்துவிட்டது. அதை முதலில் நிபுணருக்கு அனுப்புங்கள். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகப் பிரதி எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

பசை ஆல்பத்துப் படங்களைப் பிய்க்கும் முன் பக்கத்தை முழுசாகப் படமெடுங்கள். ஓரத்தில் எழுதிய பெயர்கள் அங்கேதான் இருக்கும். பிறகு மெழுகில்லாத பல் நூலைப் படத்துக்குப் பின்னால் மெல்ல அறுத்தபடி நகர்த்தலாம். அசைந்து கொடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பின்புறம் எழுத 2பி பென்சில் மட்டும், பால்பாயின்ட் முன்பக்கம் தடம் பதிக்கும். காகிதத்தை 300 டிபிஐ, படங்களை 600 டிபிஐ, டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷனும் செல்லோடேப்பும் பக்கத்திலேயே வரக்கூடாது.

பதில்: பாஸ் வரிசை

இசைப் புத்தகங்களை யாரும் பேசவில்லை, அவைதான் சுரங்கம். பக்கத்தின் அடியில் உள்ள தகட்டு எண் அச்சுத்தகடு செய்த காலத்தைத்தான் காட்டும், நீங்கள் வாங்கிய வருஷத்தை அல்ல. அதற்குக் குழுவின் முத்திரையையும் ரசீதையும் பாருங்கள். d, r, m போல எழுத்துகளாலும் முக்காற்புள்ளிகளாலும் சுரங்களைக் குறிக்கும் டானிக் சோல்ஃபா பிரதிகள் எத்தனை, ஐந்து கோடுகளில் சுரங்களைக் குறிக்கும் பிரதிகள் எத்தனை என்று எண்ணுங்கள். குழு எப்படி வாசித்துப் பாடியது என்பதை வேறெந்த ஆவணமும் இவ்வளவு நேராகச் சொல்லாது.

நிகழ்ச்சித் தாளில் ஹாண்டெலின் மூன்று பாக இசைப் படைப்பான ‘மேசியா’ என்றிருந்தாலும் முதல் பாகமும் இரண்டாம் பாகத்துக் கடைசியில் வரும் ‘அல்லேலூயா’வும் மட்டும் பாடியிருக்கலாம். பென்சிலில் அடித்துவிட்ட பக்கங்களும் மூச்சு வாங்கும் குறிகளும் அதைக் காட்டிக்கொடுக்கும். சுத்தம் செய்கிறேன் என்று யாராவது ரப்பர் எடுத்து வந்தால் தடுத்துவிடுங்கள்.