ஆகஸ்ட் கடைசியில் கரைப்பறவைகள்: கிட்டப் போவதா, உட்கார்ந்து காத்திருப்பதா?

சேற்றுக்கால்:

போன ஞாயிறு காலை நடந்தது இது. கடல் ஏற்றம் (ஓதம்) முழுசாக வர முக்கால் மணி நேரம் இருந்தது. கடைசியாக மிஞ்சிய மணல்திட்டில் நானூறு ஐந்நூறு பறவைகள் ஒண்டியிருந்தன. முன்னால் குட்டியான கொசு உள்ளான்கள், நடுவில் சிவப்புக் கால் பவளக்காலிகள், பின்னால் தண்ணீரில் கால் நனைய நின்ற நீள அலகு மூக்கன்கள். பாதிக்கு மேல் ஒற்றைக் காலில், அலகை முதுகுக்குள் செருகிக்கொண்டு தூக்கத்தில் இருந்தன. நான் நூற்றைம்பது மீட்டர் தள்ளி ஸ்கோப்பை (முக்காலித் தொலைநோக்கி) வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீள லென்ஸோடு ஒருவர் வந்தார். நேராகத் திட்டை நோக்கி நடந்தார். மொத்தக் கூட்டமும் எழும்பியது, ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியது. அவர் இன்னும் இருபது தப்படி போனார். மறுபடி எழும்பியது. ஐந்து தடவை எண்ணினேன். ஐந்தாவது தடவை அவை இறங்கவே இல்லை, கடல் பக்கமாகப் போய்விட்டன.

திரும்பி வந்தவரிடம் கேட்டதற்கு, "படம் இல்லாமல் என்ன சார் பறவை பார்க்கிறது?" என்றார். இந்தப் பருவத்தில், ஏற்ற நேரத்தில், இப்படி ஒதுங்கும் திட்டுகளுக்கு நடந்து போகக் கூடாது என்று நமக்குள்ளாவது ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாமா?

நீள்வில்லை:

அந்த ஆள் நான் இல்லை. ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம், அதனால் பேசுகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் காலை ஒன்பது மணிக்கு மேல் ஈர மணலின் மேல் கானல் கிளம்பிவிடும். நூற்றைம்பது மீட்டரில் உங்கள் ஸ்கோப் காட்டுவது நெளிகிற சாம்பல் உருண்டைகளைத்தான். அந்தக் கொசு உள்ளான் கூட்டத்தில் அதே சாயலுள்ள செங்கழுத்துக் கொசு உள்ளானின் இளம்பறவை ஒன்று நின்றிருந்தால் உங்களால் பிரித்திருக்க முடியுமா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

மெல்லிய அலகுடைய கோட்டான் (ஆந்தை இல்லை, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை) இனம் ஒன்று இருந்தது. சந்தேகமில்லாமல் அது கடைசியாகப் பார்க்கப்பட்டது 1995இல், மொராக்கோவில். அதற்குப் பிறகு பல வருடம் "நான் பார்த்தேன்", "இல்லை, அது சாதாரணக் கோட்டான்" என்று சண்டை. தெளிவான ஒரு படம் இருந்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். படம் எடுப்பவனை வெறும் படப்பைத்தியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

உப்புக்காற்று:

படம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லையே. ஐந்து தடவை எழுப்பியதைப் பற்றித்தான் பேச்சு.

பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இப்போது வந்து இறங்குபவை வடக்கே, பல ஆர்க்டிக் பக்கம்வரை போய், கூடு கட்டிவிட்டுத் திரும்புகிறவை. சில இங்கேயே தங்கும். பல வாரக்கணக்கில் தின்று உடம்பு தேற்றிக்கொண்டு இன்னும் தெற்கே போகும். வற்றத்தில் இரை தேடும், சேறு மூழ்கியதும் ஓய்வெடுக்கும். ஏற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அந்தச் சுழற்சிதான் அவற்றுக்குக் கடிகாரம், இரவு பகல் இரண்டாம் பட்சம். நாம் ஓய்வு நேரத்தில் கை வைக்கிறோம்.

நீள்வில்லை:

2022இல் ஒரு பட்டைவால் மூக்கன், முட்டையிலிருந்து வந்து ஐந்து மாதமே ஆனது, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர் எங்கும் இறங்காமல் பறந்தது. பதினொரு நாள். அப்படிப்பட்ட பறவைக்கு மணல்திட்டைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பது பெரிய பாரமா?

உப்புக்காற்று:

இந்த வாதம் வரும் என்று காத்திருந்தேன். அந்தப் பறவை எப்படிப் பறந்தது? கிளம்பும்போது மூக்கனின் உடம்பில் பாதிக்கு மேல் கொழுப்பு. பாரம் குறைய இரைப்பையும் குடலும்கூடச் சுருங்கிவிடும். போய் இறங்கும்போது கொழுப்பும் தீர்ந்திருக்கும், குடலையும் மறுபடி வளர்த்தாக வேண்டும். கையிலிருந்த காசையெல்லாம் பயணத்துக்குச் செலவழித்துவிட்டு வெறும் மடியோடு வந்து இறங்கியவனிடம், "அவ்வளவு செலவு செய்தாயே, எனக்கு ஒரு பத்துக் கொடுத்தால் குறைந்தா போய்விடும்?" என்று கேட்கிற மாதிரி இருக்கிறது நீங்கள் சொல்வது.

நீங்கள் ஒருவர் மட்டும் போனால் ஒரு வட்டம். அதே திட்டுக்கு அன்றைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

புதுக்கரை:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும் அண்ணா. நான் பறவை பார்க்க ஆரம்பித்து நாலு மாதம்தான் ஆகிறது. ஆகஸ்டில் போனால் எல்லாமே ஒரே பழுப்பு. குளிர்காலம் வரைக்கும் பொறுத்திருந்து போவது நல்லதா? நீங்கள் எல்லாரும் இதற்காக இவ்வளவு சண்டை போடுவது ஏன் என்றே புரியவில்லை.

சேற்றுக்கால்:

தம்பி, குளிர்காலத்தில்தான் எல்லாம் ஒரே சாம்பல். இப்போதுதான் ஒரே இனம் ரெண்டு மூணு சட்டையில் நிற்கும். இந்த மாதத்தை விட்டுவிடாதே.

அலகு வளைந்த கர்லூ உள்ளானை எடுத்துக்கொள். ஆண் அடைகாப்பதும் இல்லை, குஞ்சு வளர்ப்பதும் இல்லை. அதனால் ஜூலை பிறந்ததுமே கிளம்பிவிடும். பின்னால் பெண்கள். ஆகஸ்டில் நீ பார்க்கும் பெரியவை செங்கல் நிறம் உதிர்ந்து திட்டுத் திட்டாக வெள்ளை எட்டிப் பார்க்கிறவை, சுண்ணாம்புச் சுவரில் மழை அடித்த மாதிரி. இறகு ஓரமெல்லாம் நைந்திருக்கும். இளசுகள் கடைசியாக வரும், பெரியவை வழிகாட்டக் கூட வராமலே. அவற்றின் முதுகைப் பார், ஒவ்வொரு இறகுக்கும் வெளிர் விளிம்பு, மீன் செதில் அடுக்கியது போல இருக்கும். நெஞ்சில் லேசான பீச் பழ நிறம். அத்தனையும் இந்த வருடம்தான் முளைத்த புத்தம்புது இறகு, ஒன்றுகூட மடங்கியிருக்காது.

இரண்டு வருடம் முன்னால் அப்படி ஒன்று நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கே நடந்து வந்தது. மனுஷனையே பார்த்திராத பறவையாக இருக்க வேண்டும். நீட்டியிருந்த என் செருப்பிலிருந்து ரெண்டு முழத்தில் நின்று, வளைந்த அலகை அடிவரை சேற்றில் விட்டு, தையல் மெஷின் மாதிரி குத்திக்கொண்டே போனது. மெல்லிய புழு ஒன்றை இழுத்தது. பாதியில் அறுந்தது. மிச்சத்துக்காக அதே துளையில் மறுபடி குத்தியது. மூச்சு விடக்கூட யோசனையாக இருந்தது எனக்கு.

அதை நான் தேடிப் போகவில்லை என்பதையும் கவனி.

நீள்வில்லை:

அழகாகச் சொன்னீர்கள், ஆனால் அது அதிர்ஷ்டம். இப்படி ஒரு நாள் அமைந்தவர் அதையே எல்லாருக்கும் சட்டமாக்கப் பார்க்கிறார். நான் மூன்று மணி நேரம் சேற்றில் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

சேற்றுக்கால்:

எந்த நேரத்தில் உட்கார்ந்தீர்கள்?

நீள்வில்லை:

காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை.

சேற்றுக்கால்:

கடிகார நேரத்தைக் கேட்கவில்லை. ஏற்றத்துக்கு எவ்வளவு முன்னால்?

நீள்வில்லை:

அதைப் பார்க்கவில்லை.

சேற்றுக்கால்:

அங்கேதான் இருக்கிறது விஷயம். ஏற்றம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். இந்த ஞாயிறு சரியாக அமைந்த ஆறரை மணி அடுத்த ஞாயிறு வறண்ட சேறாக இருக்கும். ஓதப் பட்டியலைப் பார்த்து, உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய், பறவைகள் ஒதுங்கும் இடத்துக்குக் கொஞ்சம் பக்கவாட்டில், வெயில் முதுகில் படும்படி தாழ உட்கார வேண்டும். தண்ணீர் ஏற ஏற அவை தாமாகவே உங்கள் பக்கம் தள்ளி வரும். காற்று உங்கள் முதுகிலிருந்து அடித்தால் இன்னும் நல்லது. பறவை காற்றை எதிர்த்து நிற்கும், முகம் உங்களைப் பார்த்து இருக்கும். நீங்கள் கேட்ட படம் அங்கே கிடைக்கும்.

நீள்வில்லை:

சரி, பட்டியல் பார்க்காதது என் தப்புதான். ஆனால் உங்கள் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய நாளில் தண்ணீர் மேலே வரை வரும், பறவையும் வரும். எட்டாம் பிறை வாக்கில் ஏற்றம் பாதியிலேயே நின்றுவிடும். பறவை இருநூறு மீட்டருக்கு அப்பாலேயே சௌகரியமாகப் படுத்துவிடும். வேலைக்குப் போகிறவனுக்கு விடுமுறை அன்றைக்குத்தான் நேரம். விடுமுறை பிறை பார்த்து வருவதில்லை.

சேற்றுக்கால்:

அந்த நாளில் படம் கிடைக்காது. அவ்வளவுதான்.

நீள்வில்லை:

உங்களுக்கு "அவ்வளவுதான்". அங்கே ஒரு அபூர்வப் பறவை நின்றால்?

கல்திருப்பி:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கேள்வி. கயிறு இல்லாமல் விட்ட நாய், பட்டம் விடுகிறவர்கள், மெல்லோட்டக்காரர்கள், இவர்களை எல்லாம் விட்டுவிட்டு பறவையை நேசிக்கிற ஒருத்தனை ஏன் பிடித்துக்கொண்டீர்கள்? என் கரையில் நாய்தான் முதல் பிரச்சினை. ஒரே ஒரு நாய், ஒரே ஓட்டம், ஆலாக் கூட்டம் முழுக்க எழும்பிவிட்டது. பறக்கக் கற்றுக்கொண்டாலும் இந்த மாதத்தில் ஆலாக் குஞ்சுகள் கரையில் நின்று கத்திக்கொண்டிருக்கும், தாய் தகப்பன் மீன் கொண்டுவந்து ஊட்டும். அன்றைக்கு ஒரு தாய் மீனை அலகில் பிடித்தபடியே வட்டம் அடித்தது. குஞ்சு எங்கே போய் இறங்கியது என்று அதற்கும் தெரியவில்லை.

உப்புக்காற்று:

நாய் இந்த இழையைப் படிக்காது, நாம் படிக்கிறோம். நாய்க்காரரிடம் போய்ப் பேசுவதற்கும் முதலில் நம் கை சுத்தமாக இருக்க வேண்டும். "அதோ அந்தக் கேமராக்காரர் போகிறாரே" என்று அவர் காட்டினால் என்ன பதில் சொல்வீர்கள்?

நீள்வில்லை:

அது சரியான பேச்சு. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கட்டுப்பாடு என்று மீட்டர் கணக்கில் எழுதினால் நான் எதிர்ப்பேன். ஐம்பது மீட்டரில் அசையாத கல்திருப்பிப் பறவையும் உண்டு, இருநூறில் எழும்பும் கோட்டானும் உண்டு. எந்த எண் போட்டாலும் பாதிப் பறவைக்குப் பொருந்தாது.

சேற்றுக்கால்:

எண்ணே வேண்டாம். பறவையைப் பார்த்தால் போதும். ஒற்றைக் காலில் தூங்குகிறது முதலில் கண் திறக்கும். அடுத்து அலகை வெளியே எடுக்கும். அப்புறம் மற்றக் காலை ஊன்றாமலே தத்தித் தத்தி நகரும், சோம்பேறி போல. அது தத்த ஆரம்பித்ததுமே நாம் அதிகம் வந்துவிட்டோம். அங்கேயே நின்றுவிட்டால் பல சமயம் திரும்பத் தூங்கிவிடும். எல்லாக் கழுத்தும் ஒன்றாக நீண்டுவிட்டால் நேரம் கடந்துவிட்டது.

நீள்வில்லை:

கண் திறப்பதைப் பார்க்க உங்களுக்கு ஸ்கோப், எனக்கு அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ். ஆக லென்ஸும் உதவும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அபூர்வப் பறவை விஷயத்தில் நான் இன்னும் மாறவில்லை. அப்படி ஒன்று நின்றால் நான் ஒரு தடவை கிட்டப் போவேன். சொல்லிவிட்டுத்தான் செய்கிறேன்.

உப்புக்காற்று:

அன்றைக்கு உங்களோடு இன்னும் முப்பது பேர் "ஒரு தடவை" போவார்கள்.

நீள்வில்லை:

அதனால்தான் இடத்தை எங்கும் போடமாட்டேன்.

புதுக்கரை:

அண்ணா, அடுத்த பௌர்ணமிக்கு நானும் வரலாமா? ஸ்கோப் கிடையாது, பழைய பைனாகுலர்தான் இருக்கிறது. எந்தக் கரை என்று சொன்னால் போதும்.

சேற்றுக்கால்:

பைனாகுலர் போதும். உட்கார ஒரு ரப்பர் பாய் கொண்டுவா, சேறு ஊறும். இடத்தை இங்கே எழுத மாட்டேன், தனிமடலில் வா. நீள்வில்லை, உங்களுக்கும்தான். முக்காலியை நான் சொல்லும் இடத்தில் வைக்கச் சம்மதம் என்றால்.

நீள்வில்லை:

ஏற்றம் எத்தனை மணிக்கு?